பாதித் தையலில் எழாதவன்

செருப்புப் பட்டறை,
புதன்கிழமை காலை.

அன்புள்ள தம்பிக்கு,

உன் தோழனின் அக்கா எழுதுவது. நீ அனுப்பிய பொட்டலம் போன வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. அம்மாவும் நானும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, அதை முதலில் எழுது.

நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நீ என்றுதான் எழுதப்போகிறேன். என் தம்பியோடு மூன்று வருடம் ஒரே போர்வையைப் பங்கு போட்டவனை நீங்கள், வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை. அவன் கடிதங்களில் உனக்குப் பெயரே கிடையாது. தும்மல் என்றுதான் எழுதுவான். ‘எங்கள் படையில் ரகசியமே கிடையாது அக்கா, நாங்கள் எங்கே ஒளிந்திருக்கிறோம் என்று தும்மலே எதிரிக்கு அறிவித்துவிடுவான்’ என்று ஒரு தடவை எழுதியிருந்தான். யுத்தத்துக்கு முன்னால் நீ தபால்காரனாக இருந்தாய் என்றும், உன் ஊரில் இருநூறு வீட்டு நாய்களின் குணமும் உனக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தான். அவனுக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஆமை என்று பேர் வைத்திருந்தீர்களாம். இங்கே நாங்களும் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். யாரும் சொல்லாமலே நீங்களும் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

சீப்பு, தகரக் கரண்டி, முகம் பார்க்கும் தகரத் துண்டு, முடிக்காத கடிதம் இரண்டு, பூட்ஸ் ஒரு ஜோடி, எல்லாம் இருந்தன. இரண்டு கடிதமும் ‘அக்காவுக்கு’ என்று ஆரம்பித்து நாலாவது வரியில் நின்றுவிட்டன. கடிதத்தையும் அவன் நின்று நிதானித்துத்தான் எழுதுவான்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யுத்தம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அவன் முன்வரிசையில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடினான், மார்பில் ஒரே குண்டு, வலியே தெரியாமல் சிரித்த முகத்தோடு போனான் என்று எழுதியிருக்கிறாய். உன் அதிகாரியும் ஏழு மாதத்துக்கு முன்னால் இதையேதான் எழுதினார், அந்தச் சிரித்த முகம் உட்பட. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் தம்பிக்குக் குடையையே நேராகப் பிடிக்கத் தெரியாது. அவன் ஓடி நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் பின்னால் மாடு துரத்தியது. உன் கடிதத்தைக் கேட்டு முடித்த அம்மா, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதை என்னிடம் நீட்டி, “அடியைப் பாருடி” என்றாள்.

பார்த்தேன். நீ அதை நன்றாகத் துடைத்து மெருகு போட்டுத்தான் அனுப்பியிருக்கிறாய். மேலே மெருகு போட்டவன் அடியை மறந்துவிட்டாய். அப்பா இருந்த காலத்திலிருந்து இந்தப் பட்டறைக்கு எது வந்தாலும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. என் தம்பி ஒன்பது வயதில் பட்டறை ஏணியிலிருந்து விழுந்தவன். அன்றிலிருந்து வலது பாதத்தை வெளியே திருப்பித்தான் வைப்பான். அவன் குதிகால் எப்போதும் வலது வெளி ஓரத்தில் தேயும். கடைசியாக லீவில் வந்தபோது அந்த ஓரத்தில் நானே பிறை மாதிரி ஒரு லாடம் அடித்துக் கொடுத்தேன். லாடம் இருக்கிறது, பாதி தேய்ந்திருக்கிறது. அதுவரை சரி.

ஆனால் அவனுக்குப் பிறகு யாரோ அதில் நடந்திருக்கிறார்கள். இடது அடித்தோல் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. முனை தரையில் உரசி நூல் வெளியே தெரிகிறது. குதிகால் பக்கம் துணி கிழித்து அடைத்திருந்த தடம் இருக்கிறது. துணியை எடுத்துவிட்டாய், நாலு நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே அவனைவிட ஒரு அளவு சின்னக் கால். இந்தத் தேய்மானம் ஒரு வாரத்தில் வராது. கல் பாவிய ரோட்டில், தினமும், ஒரு மாதத்துக்கு மேல் நடந்தால்தான் வரும்.

இடது தோளில் கனமான பையைத் தொங்கவிட்டுப் பழகியவர்கள்தான் அப்படி மிதிப்பார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரின் செருப்பைப் பதினைந்து வருடமாக நான்தான் தைக்கிறேன். அவருடையதும் இதே இடத்தில்தான் தேயும். எனவே யார் என்று நான் கேட்கவில்லை. செத்தவன் காலிலிருந்து கழற்றினாயா என்றும் கேட்கவில்லை. அப்படியே இருந்தாலும் எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. செத்தவனுக்கு எதற்கு பூட்ஸ்? நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவன் எப்படிச் செத்தான்? கொடி வேண்டாம், சிரித்த முகம் வேண்டாம். நடந்ததை எழுது.

இதை ஏன் இத்தனை அவசரமாகக் கேட்கிறேன் என்றால், இங்கே நகராட்சி வாசகசாலையில் ஒரு பெரிய அறையை நினைவு மண்டபமாக மாற்றுகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் பதினாலு பேர். கடைசியாகச் செத்தவன் என் தம்பி. ஆகவே நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதற்குள் அவன் பூட்ஸை வைத்து, ‘இறுதி மூச்சு வரை கொடி தாங்கிய மாவீரனின் காலணிகள்’ என்று அட்டை எழுதப்போகிறார்களாம். உன் அதிகாரியின் கடிதம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அந்தக் கொடி மனப்பாடம். பொட்டலம் வந்த மறுநாளே நகராட்சித் தலைவர் பட்டறைக்கு வந்துவிட்டார். “ஊருக்கே பெருமைம்மா, வீட்டுல வச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் வலது சுண்டுவிரலில் இருக்கும் காலாணியைப் பற்றி ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் என்னிடம் அவர் குரலை உயர்த்துவதில்லை. அடுத்த மாதம் திறப்பு விழா.

என் தம்பி சாதாரணக் காலாட்படைச் சிப்பாயாகப் போனான். மூன்று வருடம் கழித்து அதே சிப்பாயாகச் செத்தான். பதக்கம் ஒன்றும் இல்லை. படையில் அவனுக்கு எழுத்தில் கிடைத்தது ஒன்றே ஒன்று, அணிவகுப்புக்குத் தாமதமாக வந்ததற்கான தண்டனைச் சீட்டு. அதைப் பெருமையாக எங்களுக்கு அனுப்பிவைத்தான், அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அந்த ஆளை எனக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிற ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. எனக்கு என் தம்பி வேண்டும். அவனைத் திருப்பித் தரக்கூடியவன் நீ ஒருவன்தான்.

மழை தொடங்கப்போகிறது, மூக்கைப் பார்த்துக்கொள். உன் பதில் வரும்வரை எங்கள் தபால்காரரைத் தினமும் வாசலில் நிறுத்தி விசாரணை செய்வேன். அந்த மனிதரின் பாவத்தைக் கொட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் தோழனின் அக்கா.


மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த ஊருக்குள் நாங்கள் நுழைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். என் வலது பூட்ஸின் முனை வாயைப் பிளந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவன், “கழட்டுடா, இதைப் போட்டுக்கிட்டு நீ என் பக்கத்துல நடந்தா எங்க அக்கா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க” என்றான். அன்று தண்ணீர் எடுத்து வருவது என் முறை. தன் பூட்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நான் திரும்பி வருவதற்குள் தைத்து வைக்கிறேன் என்றான். கூரை போன ஒரு வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். குத்தூசியும் மெழுகு நூலும் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். எங்களில் பாதிப் பேரின் பூட்ஸ் அவன் கை பட்டதுதான்.

நான் கிணற்றடியில் இருந்தேன். நூறு கஜம்கூட இருக்காது. குண்டு விழ ஆரம்பித்தது. அவனோடு இருந்த மூன்று பேர் நிலவறைக்குள் குதித்துவிட்டார்கள். அவனையும் கூப்பிட்டார்கள். நானும் கிணற்றடியிலிருந்து கத்தினேன். அவன் தலை நிமிரவே இல்லை. “இதோ, ஒரே ஒரு தையல்” என்று சொன்னதாக அந்த மூன்று பேரும் சொன்னார்கள். நாலாவது குண்டு அந்தச் சுவரில் விழுந்தது.

கொடி எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. அதிகாரி எல்லா வீட்டுக்கும் ஒரே கடிதம்தான் எழுதுவார். நானும் அதையே பார்த்து எழுதினேன். சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, கையைத்தான் பார்த்தேன். என் பூட்ஸ் அவன் மடியில் இருந்தது. கடைசித் தையல் இறுகியிருந்தது. முடிச்சு மட்டும் போடவில்லை.

புதைக்கும்போது அவன் கால் வெறுமையாக இருந்தது. அவன் தைத்த என் பூட்ஸையே அவனுக்கு மாட்டினேன். சின்னதாக இருந்ததால் நாடா கட்ட முடியவில்லை. அவனுடையதைக் கழற்றி அவனுக்கே கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நாற்பத்தொரு நாள் நடந்து ஊர் வந்தேன்.

அக்கா, அந்த இடம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. வெறுங்காலோடு அவன் எப்படி எழுந்து ஓடியிருப்பான்? அவன் பூட்ஸ் என் காலில் இருந்தது. அவனைக் கொன்றவன் நான்தான்.

ஊர் வந்த அன்று கழற்றியது. அதற்குப் பிறகு காலில் எதையும் போடவில்லை. தபால் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள், போகவில்லை. நான் வாசலைத் தாண்டி ஐந்து மாதமாகிறது. இந்தக் கடிதத்தைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பெட்டியில் போட வேண்டும். பூட்ஸ் உங்களிடமே இருக்கட்டும், அல்லது கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும். எனக்கு அதில் உரிமை இல்லை. மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றினால்.

தங்கள்,
தும்மல்.


செருப்புப் பட்டறை,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசித்தேன். விடலாமா என்று ஓரிடத்தில் தயங்கினேன், “முழுசாப் படி” என்று அதட்டினாள். முடித்ததும் ஒன்று கேட்டாள், பாதித் தையலில் எழுந்தானா என்று. இல்லை என்றேன். “இறுக்கியிருந்துச்சா?” என்றாள். இறுகியிருந்தது என்று எழுதியிருக்கிறான் என்றேன். “அப்போ சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் எழுந்து வந்தபோது கண் வீங்கியிருந்தது. உன் வணக்கத்தைச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள். நானும் அழுதேன். கொடி பிடித்தவனுக்காக ஏழு மாதமாக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவனுக்காகத்தான் வந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். அவனைக் கொன்றவன் நான்தான் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் உனக்கு முன்னால் ஒருத்தி வந்து நிற்கிறாள்.

அடித்தோல் தைப்பது எப்படி என்று நீ பக்கத்திலிருந்து பார்த்திருப்பாய். நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக விட்டு, இரண்டு கையாலும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுக்காமல் பாதியில் விட்டு எழுந்தால் அதற்கு முந்தைய நாலு தையலும் தளர்ந்துபோகும். மழைக்கு முதலில் அந்த இடம்தான் பிரியும். அப்பா போன பிறகு பட்டறையில் அவனை உட்காரவைத்தவள் நான். அவன் நினைத்தபோதெல்லாம் எழுந்து போய்விடுவான். எழுந்தால் சுத்தியல் காம்பால் முட்டியில் ஒரு தட்டு தட்டுவேன். “வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் பாதித் தையல்ல எந்திரிக்காதே” என்பேன். இந்த வாயால்தான் சொன்னேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருடம். அப்புறம் அவன் எழுந்ததே இல்லை. விருந்தாளி வந்தாலும், கூரை ஒழுகித் தலையில் சொட்டினாலும், இதோ ஒரே ஒரு தையல் என்பான். தரை முழுக்க மெத்தை விரித்திருந்தாலும், காலில் இரண்டு ஜோடி பூட்ஸ் போட்டிருந்தாலும், அன்று அவன் எழுந்திருக்க மாட்டான். உன் பூட்ஸும் கண்ணாடிச் சில்லும் இதில் ஒரு பொருட்டே இல்லை.

நேற்று முழுவதும் அந்தச் சுத்தியலை நான் தொடவில்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்று காலை எடுத்தேன். ஏழு ஜோடி பாக்கி கிடக்கிறது, தைத்துத்தான் ஆகவேண்டும். ஆணி அடித்துக்கொண்டே யோசித்தேன். குண்டைப் போட்டவன் ஒருவன் இருக்கிறான். போடச் சொன்னவன் ஒருவன் இருக்கிறான். ஒன்பது நாளில் முடிக்கப்போகிற யுத்தத்தை ஒன்பது நாள் முன்னால் முடிக்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் வெறுங்காலோடு அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் நினைவு மண்டபம் திறந்துவைக்கிறார்கள். நீயும் நானும் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? எனக்குச் சம்மதமில்லை. நான் மாட்டேன். உன்னையும் விடமாட்டேன்.

மதியம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். விழாக் குழு கூடியிருந்தது. பெட்டியில் பூட்ஸ் வேண்டாம், மண்டபச் சுவரில் என் தம்பி பெயருக்குக் கீழே இதை எழுதுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தேன். ‘காலாட்படைச் சிப்பாய். செருப்புத் தைப்பவர். நண்பனின் பூட்ஸைத் தைத்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து இறந்தார். வயது இருபத்தேழு.’ இவ்வளவுதான்.

தலைவர் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்னம்மா இது, செருப்பு தச்சுக்கிட்டு இருந்தப்போ செத்தான்னு சுவத்துல எழுத முடியுமா? பாக்கிறவங்க கேவலமா நினைக்க மாட்டாங்களா?” என்றார். அவர் காலில் இருந்தது நான் தைத்த ஷூ. தைப்பது கேவலம் என்றால் முதலில் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். குழுச் செயலாளர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அவர் மட்டும் தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். “பூட்ஸைக் குடுக்கிறதுன்னா குடுங்க, இல்லேன்னா நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்” என்று தலைவர் எழுந்துவிட்டார். வேறு ஏற்பாடு என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. பூட்ஸ் என்னிடம்தான் இருக்கிறது, பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்த கடிதத்தையாவது பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் நீயே போய்ப் பெட்டியில் போடு. தெரு முனை வரைதானே.

இப்படிக்கு,
உன் அக்கா.


செருப்புப் பட்டறை,
விழா முடிந்த மறுநாள்.

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன். இந்தத் தடவை கடிதத்தோடு ஒரு பொட்டலமும் வருகிறது. கடிதத்தை முடித்துவிட்டுப் பிரி.

வேறு ஏற்பாடு என்றால் என்ன என்று நேற்று தெரிந்துகொண்டேன். எங்கிருந்தோ ஒரு ஜோடி ராணுவ பூட்ஸை வரவழைத்து, பளபளப்பாக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என் தம்பி பெயர், அதே அட்டை, அதே கொடி. குனிந்து பார்த்தேன். ஒரு காலும் நுழையாத பூட்ஸ். அடித்தோலில் ஒரு கீறல் இல்லை. அளவோ அவனுடையதைவிட மூன்று பெரியது. அவன் இரண்டு காலையும் ஒன்றுக்குள் விடலாம்.

அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றாள் என்று நினைக்காதே. “நீ நில்லுடி” என்றாள். பெட்டி பக்கத்திலேயே நின்றேன். பேண்டு வாத்தியம் முடிந்து, சொற்பொழிவு முடிந்து, கூட்டம் வரிசையாக உள்ளே வர ஆரம்பித்தது. பெட்டி முன்னால் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னேன். “இது என் தம்பியோட பூட்ஸ் இல்லை. அவனோடது ரோட்டுல நடந்துக்கிட்டிருக்கு.” ஏன், எப்படி என்று கேட்டவர்களுக்கு வாசற்படியிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சிலருக்குச் சொன்னேன்.

தலைவர் வந்து, விருந்தாளிகள் முன்னால் அசிங்கம் பண்ணாதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு, தூக்குகிறவர்கள் செருப்புக்கு இனி என்னிடம் வர வேண்டாம் என்றேன். யாரும் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைமை ஆசிரியர் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார். “உக்காந்து சொல்லும்மா, கால் வலிக்கும்” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதில் உட்கார்ந்துகொண்டாள். நான் நின்றேன்.

மதியம் போல சலவைக்காரம்மா வந்தாள். அவள் மகன் பெயரும் சுவரில் இருக்கிறது. கடும் போரில் வீரமரணம் என்று எழுதியிருக்கிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அப்புறம் என் காதருகில் வந்து, “எம் புள்ள முகாம்ல ஜுரம் வந்துதான் செத்தான். தண்ணி தண்ணின்னு கேட்டானாம். நானும் சொல்லலாமா?” என்று கேட்டாள். தம்பி, ஊரில் இத்தனை நாள் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவன் வீரன் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்திருக்கிறாள். சொல்லு, சத்தமாகச் சொல்லு என்றேன். சொன்னாள். முதலில் மெதுவாக, அப்புறம் சத்தமாக. ரொட்டிக்கடைக்காரரும் வந்தார். அவர் தம்பி ஆற்றில் குளிக்கும்போது மூழ்கியவன். சாயங்காலம் மூடும்போது பெட்டியைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் நின்றோம்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. மூன்று அளவு பெரிய பூட்ஸும் இருக்கிறது. அட்டையை மட்டும் எடுத்துவிட்டார்கள். சுவர் விஷயம் அடுத்த கூட்டத்தில் வருகிறது, நாங்கள் ஆறு பேரும் போகிறோம்.

இனி பொட்டலத்துக்கு வருகிறேன். அவன் பூட்ஸின் அடியைப் பிரித்தேன். உள்ளே உன் விரல் ஐந்தும் பதிந்திருந்தன. அந்தத் தடத்தை வைத்து உன் காலுக்கு மரத்தில் ஓர் அச்சு செதுக்கி, அதன் மேல் புது அடித்தோல் போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு தோல் பட்டை வைத்து ஓர் அளவு குறைத்திருக்கிறேன், இனிமேல் துணி அடைக்க வேண்டாம். நீ மிதிக்கிற இடது உள் ஓரத்துக்கு லாடம் அடித்திருக்கிறேன். மேல்தோல் மட்டும்தான் அவன் போட்டிருந்தது. பிரித்தெடுத்த அடித்தோல் இங்கே என் முன்னால் ஆணியில் தொங்குகிறது. வலது வெளி ஓரத்தில் அவன் நடை, இடது உள் ஓரத்தில் உன் நடை. அதைக் கேட்டு எந்தத் தலைவர் வந்தாலும் கொடுக்கமாட்டேன். கடைசித் தையலையும் முடிச்சையும் அம்மா போட்டாள். கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் கையில் இன்னும் பலம் இருக்கிறது. புதுத் தோல் முதல் நாலு நாள் கடிக்கும். பொறுத்துக்கொள்.

எனக்கு இதில் உரிமை இல்லை என்று எழுதியிருந்தாய். உரிமையைப் பற்றி உன்னிடம் யார் கேட்டார்கள்? அவன் தன் கையால் கழற்றி உன்னிடம் கொடுத்தான். அவன் கொடுத்ததைத் திருப்பி வாங்க நான் யார்?

கடைசியாக உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுடைய பூட்ஸ் ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறது என்று நேற்று ஊரார் அத்தனை பேரிடமும் சொன்னேனே, அந்த நேரத்தில் அது அடி பிரிந்து என் பட்டறைப் பலகையில் கிடந்தது. பொய் எழுதாதீர்கள் என்று சண்டைக்குப் போன இடத்தில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நானே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து இதைத் தைத்து முடித்தோம்.

நீ நீடூழி வாழ வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். நானும் அதையே சொல்கிறேன். பொட்டலத்தைப் பிரி. நாடாவை இறுக்கிக் கட்டு. பையை எடுத்து இடது தோளில் மாட்டு. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், தம்பி. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. நட.

இப்படிக்கு,
உன் அக்கா.